பெயரும் தையலும்

சிலாப நகரில், ஏற்றுமதிக்கெனத் தைக்கப்பட்டுத் தரப் பரிசோதனையில் கழிக்கப்பட்ட உடுப்புகளை விற்கும் கடையொன்று உண்டு. பெயர்ப்பலகை சிறியது, உள்ளே கிடக்கும் குவியல் பெரியது. சென்ற தவணை விடுமுறையில் என் சிநேகிதி ஒருத்தியுடன் அங்கே போயிருந்தேன். மாதக் கடைசி. ஆசிரியச் சம்பளத்தில் அந்நாளில் எஞ்சுவது எவ்வளவு என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் பெருநாளும் கல்யாணமும் சம்பளத் திகதி பார்த்து வருவனவல்ல.

குவியலின் அடியிலிருந்து மேற்சட்டை ஒன்று அகப்பட்டது. நீலப் பரப்பில் கொடியும் பூவும். வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை கண்டவுடனே எழுந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் லேபிள் இருந்தது. இத்தகைய கடைகளில் லேபிளை வெட்டிவிடுவார்கள், அல்லது கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள். இதிலே மை அடித்தவர் அவசரத்தில் அடித்திருந்தார். கோட்டின் அடியில் எழுத்துகள் தெரிந்தன. பெரிய விற்பனை நிறுவனம் ஒன்றின் பெயர், நடுவிலே ஒரு பெருக்கற் குறி, அதற்கு அப்பால் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் பெயர். அவற்றை இங்கு எழுதவேண்டிய அவசியம் இல்லை. பெருமுதலாளியும் பெருங்கலைஞரும் கூட்டுச் சேர்ந்து, ‘எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலையில்’ என்ற முழக்கத்தோடு சந்தைக்கு விடும் வரிசைகளில் ஒன்று அது. அவ்வளவே போதும்.

நான் பெயரை வாசித்தேன். அவளோ சட்டையை வாங்கி உட்புறத்தைப் புரட்டினாள்.

அவளைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களுள் ஒன்றில் கைக்குழந்தையாக வந்தவள். உயர்தரம்வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தாள். நான் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் படிக்கப் போனேன். அவள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். எட்டு ஆண்டுகள். இப்பொழுது வீட்டில் ஒரு மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள்.

அவள் விரல் தையலின்மேல் மெதுவாக நகர்ந்து, பொக்கற்றின் இடது மூலையில் நின்றது. “இங்க பார், கால் இஞ்சிலும் குறைவு, கீழ இறங்கிட்டுது. இதுக்காகத்தான் கழிச்சிருக்கிறாங்க” என்றாள். “தைக்கத் தெரியாதவள் தைச்சிருப்பாள்” என்றேன் நான். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “தையலைப் பார். நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓடுது. கை நல்ல கை. வச்ச இடம்தான் பிழைச்சிருக்கு. அது கண் களைச்ச நேரம், ரீச்சர். டாகட் முடியாத நேரம்.”

ஒரே சட்டையை நாங்கள் இருவரும் வாசித்தோம். எனது வாசிப்பு ஆசிரியர் பெயரைக் கண்டவுடன் மலைத்துப்போகும் வாசிப்பு. அவளது வாசிப்போ படைப்பினுள்ளே புகுந்து, அது ஆக்கப்பட்ட விதத்தையும், ஆக்கிய வேளையையும், ஆக்கியவளின் நிலையையும் எழுத்தெண்ணிப் படிக்கும் வாசிப்பு. விமர்சனம் என்று நாம் வகுப்பறையில் கற்பிப்பது இவ்விரண்டில் எதனை என்பதை எண்ணிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

துணியை இலக்கியத்தோடு வைத்துப் பேசுவதென்ன நியாயம் எனச் சிலர் கேட்கலாம். தமிழ் படித்தவர் இதைக் கேட்கமாட்டார். இழைக்கும் ஏட்டுக்கும் ‘நூல்’ என ஒரே பெயரை இட்டது நம்மொழி. நன்னூலின் பாயிரமோ இன்னும் ஒருபடி சென்று, நூல் செய்யும் புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணாகவே உருவகித்தது. ஆனால் இந்த உவமையின் மறுபக்கத்தை நாம் கவனிப்பதில்லை. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார். துணி விற்றவரின் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. சிறு விளக்கொளியில் இரவெல்லாம் பஞ்சோடு உழைத்த பெண்ணொருத்தியும் புறநானூற்றில் வருகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. பெருக்கற் குறியின் இருபுறமும் யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்ற விதி புதியதன்று.

இனி, இந்தக் கூட்டு வரிசைகளை அவற்றின் சொந்த வாதத்தைக் கொண்டே பரிசீலிப்போம். அவ்வாதம் எளிமையானது, கவர்ச்சியும் உடையது. அழகு இதுகாறும் பணம் படைத்தோரின் தனியுடைமையாக இருந்தது. நாங்கள் அதைச் சாமானியர்க்குப் பங்கிடுகிறோம். கலையின் ஜனநாயகம் இது. இவ்வாறு கூறுகிறார்கள். நம் முற்போக்கு அன்பர்களிற் சிலர் இதனைக் கேட்டவுடன், ‘உடுப்பில் என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது, குட்டி பூர்ஷுவா ஆடம்பரம்!’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். அவர்களோடு நான் உடன்படவில்லை. கடற்காற்றும் உப்பும் புகையிலைத் தோட்டத்து வெயிலும் தோலை உரிக்கும் இக்கரையில், ஒரு பெண் நல்ல நிறத்தில் ஒரு சட்டை அணிய விரும்புவது குற்றமாகாது. அழகை விரும்பும் உரிமையைப் பணக்காரனிடம் விட்டுவிட்டு உணவையும் கூரையையும் மட்டும் கேட்கும் இயக்கம் பாதியைத்தான் கேட்கிறது. ஆகவே வாதம் பிழையென்று சொல்லவில்லை. வாதத்தைச் சொல்வோர் அதற்கு உண்மையாக நடக்கின்றனரா என்றே கேட்கிறேன்.

சுவீடன் நாட்டு எச். அன்ட் எம். நிறுவனம் 2004ஆம் ஆண்டில் கார்ல் லாகர்ஃபெல்டுடன் சேர்ந்து வெளியிட்ட வரிசையே இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பிற்று. வெளியான அன்றே பல கடைகளில் சரக்கு தீர்ந்தது. அளவாகவே தைத்து விற்றமையை லாகர்ஃபெல்டே பின்னர் குறைகூறினார். ஜனநாயகத்தின் பெயரால் தட்டுப்பாட்டை உற்பத்தி செய்யும் விந்தையை என்னவென்பது? அதற்கும் முன், 1983இல், அமெரிக்காவின் ஹால்ஸ்டன் என்பார் ஜே. சி. பென்னி என்னும் சாதாரண மக்களின் கடைக்காக உடை வரைந்தார். உடனே நியூயோர்க்கின் சீமான் கடைகளுள் ஒன்றான பெர்க்டோர்ஃப் குட்மன் அவர் பெயருள்ள சரக்குகளை அகற்றியது. ஏழைகள் அணிந்தால் அழகு கெட்டுவிடும் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆனால் ஹால்ஸ்டன் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1973லேயே அவர் தம் பெயரை ஒரு கம்பனிக்கு விற்றிருந்தார். கம்பனி கைமாறிக் கைமாறிப் போக, இறுதியில் தம் சொந்தப் பெயரில் ஓர் உடுப்பு வரையும் உரிமைகூட அவருக்கு இல்லாமற் போயிற்று. பெயர் பண்டமானால், பெயருக்குரியவனும் அதற்கு அந்நியனாகிறான். கலைஞன்மேல் எனக்குள்ள அனுதாபம் இவ்விடத்தில்தான்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த உதாரணம் 2021ஆம் ஆண்டினது. கல்கத்தாவின் சப்யசாச்சி முகர்ஜி, மணப்பெண்களுக்கு இலட்சக்கணக்கான ரூபாவில் ஆடை செய்பவர். இந்தியக் கைவினையின் தூதர் எனப் போற்றப்பட்டவர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவரும் எச். அன்ட் எம். நிறுவனமும் சேர்ந்து ‘வாண்டர்லஸ்ட்’ என்ற வரிசையை வெளியிட்டனர். அதில் ஒரு சேலையின் விலை 9,999 இந்திய ரூபா. அவருடைய மற்றச் சேலைகளோடு ஒப்பிட்டால் மலிவு. நெய்பவனின் கூலியோடு ஒப்பிட்டால் அந்தச் சொல் வாயில் வராது. எப்படியோ, மிக விரைவில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சங்கனேர் என்னும் ஊரில் மரக்கட்டையால் துணிமேல் அச்சிடுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்கள் அச்சுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு. அத்தகைய மரபுகளின் சாயலில் அமைந்த பூவேலைகள் இவ்வரிசையில் யந்திரத்தால் அச்சிடப்பட்டிருந்தன. இந்தியாவின் கைவினை அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து அவருக்குத் திறந்த மடல் எழுதின. கைவினைஞனின் கதையைச் சொல்லி விற்கிறீர்கள், கைவினைஞனுக்கு வேலை எங்கே என்பதே அம்மடலின் சாரம். இந்திய வடிவமைப்பை உலகப் பொதுச்சந்தையில் நிறுத்துவதே தம் நோக்கம் என்ற வகையில் அவர் மறுமொழி அமைந்தது.

கலை என்ற வகையிலும் இதனைப் பார்க்கவேண்டும். விமர்சகனின் வேலை அங்கேதான் இருக்கிறது. மரக்கட்டை அச்சில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே மயிரிழை விலகல் இருக்கும். ஓரிடத்தில் சாயம் கனத்திருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். அது குறையன்று, கை அவ்விடத்தில் இருந்ததன் சாட்சி. யந்திர அச்சோ அந்த விலகலையும் படமெடுத்து, ஆயிரம் மீற்றரிலும் ஒரே விலகலாக அடித்துவிட வல்லது. அப்பொழுது கையின் தடம் மிஞ்சுகிறது, கை மறைந்துவிடுகிறது. கூத்துக்காரனை வெளியே நிறுத்திவிட்டு அவன் உடுப்பை மேடையில் தொங்கவிடுவது போன்றது இது. யந்திரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. யந்திரம் தன் முகத்தோடு வரட்டும். தனக்குரிய கோடும் நிறமும் கொண்டு வரட்டும். கையின் முகமூடி அதற்கு எதற்கு?

ஆனாலும் அவ்விவாதத்தில் நான் வாசித்த அளவில் ஒரு குறை தென்பட்டது. அச்சிட்டவன் யார் என்று எல்லாரும் கேட்டனர். தைத்தவள் யார் என்று கேட்ட குரல் மெல்லியதாகவே இருந்தது. தையல் கலையன்று, அது வெறும் வேலை என்ற எண்ணம் நம்மில் நல்லோரையும் விட்டபாடில்லை. ‘தையல்’ என்ற சொல்லுக்கே பெண் என்றொரு பொருளை நிகண்டுகள் தருகின்றன. இரண்டும் ஒருங்கே தாழ்த்தப்பட்டதில் வியப்பில்லை.

எங்கள் கரையோடு ஓடும் புத்தளம் கொழும்பு வீதியைப் பாருங்கள். பாலாவி, முந்தல், சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு என்று இறங்கி அது கட்டுநாயக்கவைத் தொடுகிறது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. அதே திறப்பால் வெளிநாட்டுப் புடவை வந்து குவிய, நாடெங்கும் கைத்தறிகள் ஆயிரக்கணக்கில் நின்றன. தறியில் இருந்த பெண் எழுந்தாள். அவள் மகள் தையல் மெஷினில் அமர்ந்தாள். தாய் துணி முழுவதையும் நெய்தவள். மகளோ நாள் முழுவதும் பொக்கற்று ஒன்றையே, அல்லது காலர் ஒன்றையே தைக்கிறாள். சட்டை முழுமையாவதை அவள் காண்பதில்லை. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்கும் மெஷினைக் கொண்டுவந்தது. வேலை கிடைத்ததை மறுப்பதற்கில்லை. கையில் காசு புழங்கிய பெண்ணின் குரல் வீட்டில் சற்று உயர்ந்ததையும் மறுப்பதற்கில்லை. அத்தோடு வசையும் வந்தது. ஜுக்கி என்பது யப்பானியத் தையல் மெஷின் ஒன்றின் பெயர். அப்பெயரையே அடைமொழியாக்கி, அதில் வேலைசெய்யும் பெண்களைத் தெருவில் கேலிசெய்தது நம் சமுதாயம். வடிவமைப்பாளரின் பெயர் மெஷினில் தைத்த சட்டைக்கு மதிப்பைக் கூட்டுகிறது. மெஷினின் பெயர் தைத்தவளுடைய மதிப்பைக் குறைக்கிறது.

2011 மே 30ஆம் திகதி, தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர் கிளர்ந்தபோது பொலிசார் சுட்டனர். காயமுற்ற றோஷேன் சானக்க என்ற இளந்தொழிலாளி இரண்டு நாளில் மாண்டார். மசோதா கைவிடப்பட்டது. இந்நாட்டின் ஆடைத் தொழிலில் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பெயர்தான்; எந்த லேபிளிலும் அது இல்லை. 2013 ஏப்ரில் 24இல் பங்களாதேஷில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கே எந்தெந்த நிறுவனங்களுக்குத் தைக்கப்பட்டது என்பதை நிறுவ, இடிபாட்டுக்குள் கிடந்த லேபிள்களைத் தேடிப் பொறுக்கவேண்டியிருந்தது. விற்பனைக் கூடத்தில் பெருமை பேசிய லேபிள் அங்கே குற்றச்சான்றாகக் கிடந்தது.

அப்படியானால் கலைஞன் வெகுஜனத்துக்காக உடை வரையவே கூடாதா? கூடும். வரைந்தவர்களும் உளர். 1923இல் மொஸ்கோவின் முதலாம் அரசாங்கப் பருத்தி அச்சாலைக்கு லியூபோவ் போப்போவா, வர்வாரா ஸ்தெப்பானோவா என்ற இரு ஓவியப் பெண்கள் சென்றனர். வட்டமும் கோணமும் கோடும் கொண்ட மலிவுத் துணிகளை ஆக்கினர். படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போவதோடு அவர்கள் அமையவில்லை. உற்பத்தி பற்றிய தீர்மானங்களிலும் சாயக்கூட வேலைகளிலும் தங்களுக்கு இடம் வேண்டுமென்று கேட்டனர். போப்போவா மறு ஆண்டிலேயே இறந்துபோனார். தாம் வரைந்த துணியை ஒரு குடியானவப் பெண் வாங்கிச் சென்றதைவிடப் பெரிய கலைத் திருப்தியை அவர் அறிந்ததில்லை என்று அவர் காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார். மலிவு என்ற சொல்லுக்கு அங்கே இழிவில்லை. கலைஞன் தொழிற்சாலைக்குள் புகுந்தானா, அல்லது அவன் பெயர் மட்டும் புகுந்ததா? கூட்டு வரிசைகளை நிறுக்க எனக்குத் தெரிந்த படிக்கல் இது ஒன்றே.

இங்கிலாந்தின் வில்லியம் மொரிஸ் கதை இதற்கு எதிர்ப்புறமானது. 1883ஆம் ஆண்டிலே சோஷலிச இயக்கத்தில் சேர்ந்த அவர், தம் பட்டறையின் அழகிய துணிகளைச் செல்வர்களே வாங்குவது கண்டு வாழ்நாளெல்லாம் மனம் புழுங்கியவர். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2018இல் எச். அன்ட் எம். நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, அவர் பூக்களைச் சாமானியர் விலையில் சட்டையாகவும் பாவாடையாகவும் விற்றது. மொரிஸின் ஆசை நிறைவேறிற்று என்று சொல்லலாம். அவர் கேட்டது அழகு மலிவாக விற்கப்பட வேண்டும் என்பதை மட்டுமன்று. அதை ஆக்குபவனுக்கு அவ்வேலையில் இன்பம் இருக்கவேண்டும் என்பதையுமே. கம்பனி முதற் பாதியை எடுத்துக்கொண்டது.

நம் நாட்டில் பார்பரா சன்சோனி இருந்தார். 2022இல் மறைந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் நெசவுக்கூடங்களுக்கு நிறங்களைத் தெரிந்து கொடுப்பதில் தொடங்கி, 1964இல் ‘பெயார்ஃபூட்’ நிறுவனத்தை அமைத்தவர். நம் கடலின் நீலமும் வயலின் பச்சையும் அத்துணிகளில் இருப்பதை எவரும் மறுக்கார். கொழும்பு காலி வீதியில் உள்ள அந்தக் கடைக்குள் ஒருமுறை போயிருக்கிறேன். தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கைக்கு நியாயமான கூலி கொடுத்தால் விலை எனக்கு எட்டவில்லை. விலை எனக்கு எட்டினால் கூலி கைக்கு எட்டவில்லை. இந்தச் சிக்கலை வடிவமைப்பாளரின் நல்லெண்ணம் தீர்க்காது. என் சம்பளமும் தைப்பவள் சம்பளமும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன என்பதை மட்டும் அன்று உணர்ந்தேன்.

மருதமுனைத் தறிச்சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊர்ப் பெயரையே மதிப்புப் பெயராகக் கொண்ட துணி; வடிவமைப்பாளர் பெயர் அதற்கில்லை. வகுப்பில் அதை உடுத்துச் செல்லும் நாளில், ‘எங்க வாங்கினீங்க ரீச்சர்?’ என்று மாணவியர் கேட்பார்கள். சென்ற ஆண்டு அப்படிக் கேட்டவள் ஒருத்தி, கடைசி வரிசைக்காரி, கட்டுரை நன்றாக எழுதுவாள், சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டாள். விடியற்காலை வந்து நிற்கும் தொழிற்சாலை வானில் இப்பொழுது போகிறாள் என்று கேள்வி. அவள் எந்த லைனில் இருக்கிறாள், காலரா பொக்கற்றா என்று எனக்குத் தெரியாது.

சட்டையை வாங்கினோம். 1,900 ரூபா. பேரம் பேசியது சிநேகிதிதான். பழுதைக் காட்டி இருநூறு குறைத்தாள். “பழுது சொல்லிக் குறைச்சது அவளுக்குத் தெரிஞ்சா கோபிப்பாள்” என்று சிரித்தாள். எவள் என்று நான் கேட்கவில்லை.

பாலாவியில் பஸ் மாறினோம். கற்பிட்டி வண்டி புறப்பட நேரம் இருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து வெயில் கண்ணைக் கூசச் செய்தது. அவள் மடியில் சட்டையை விரித்து, சட்டைப் பின்னால் பொக்கற்றின் தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரிக்கத் தொடங்கினாள். கெட்டியாகப் போட்ட தையல், இலகுவில் விடவில்லை. “நல்லாத் தைச்சிருக்கிறாள்” என்றாள், மறுபடியும். பிரித்த நூலை எறியாமல் விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.